பட்டறைக்காரி வாய் திறந்த கதை

பட்டறைக்காரிக்கு மனிதர்களில் இரண்டே வகை. சுத்தியலைப் பிடியின் நுனியில் பிடிப்பவர்கள், தலைக்குப் பக்கத்தில் பிடிப்பவர்கள். இரண்டாம் வகை ஆட்களுக்கு அவள் உட்கார ஸ்டூல்கூடப் போடமாட்டாள். உழவுக் கருவிகளையும் டிரெய்லர்களையும் பற்றவைத்துக் கொடுக்கும் அந்தப் பட்டறையை இருபது வருடமாக அவளே நடத்துகிறாள். முதல் வருடம் கணவனும் கூட இருந்தான். கண்ணாடி போடாமல் கிரைண்டர் ஓட்டி, கண்ணில் பொறி விழுந்து, இந்த வேலை நமக்கு ஒத்துவராது என்று சமையலறையோடு ஒதுங்கிவிட்டான். நன்றாகவே சமைத்தான். அதற்காக மட்டும் அவனை மன்னித்து வைத்திருந்தாள்.

உடைந்த கலப்பைக் கொழுவுக்குப் பசை தடவி ஒட்டிக் கொண்டுவந்தால், பசையை நீயே சுரண்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவாள். துருப்பிடித்த நட்டைத் திருகித் திருகி மொட்டையாக்கிக் கொண்டுவந்தால், சூடுகாட்டி, மெழுகு தேய்த்து, ஆறவிட்டுத் திருப்ப வேண்டும் என்று ஒருமுறை சொல்வாள். மறுமுறை கேட்டால் பார்வைதான் பதில்.

ஆனாலும் அவளுடைய இளக்காரத்தின் பெரும்பங்கு அக்கா புருஷனுக்குத்தான். ஐடியா மாமா என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடம் அலுவலகத்தில் கோப்பு கட்டி ஓய்வுபெற்றவர், நான்கு மாடுகள் வாங்கினார். மாடு வந்த கையோடு ஒரு விவசாய மாத இதழில் ‘நீங்களே செய்யலாம்’ என்று பக்கம் எழுதவும் கிளம்பிவிட்டார். உள்ளங்கையில் ஒரு காய்ப்பு கிடையாது. பேனா பிடித்த விரலில்கூட இல்லை.

மாட்டுக்கொட்டகையை அவரே போட்டார். ஈரம் காயாத மரத்தூண்களைக் குழியில் இறக்கி, சுற்றிலும் காங்கிரீட்டைக் கிண்ணம் மாதிரி ஊற்றினார். மழைத்தண்ணீர் அந்தக் கிண்ணத்தில் தேங்கி நிற்காமல் வேறு எங்கே போகும்? கூரைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டிய ஆணியைப் பள்ளத்தில் அடித்தார். மூலைக்கு மூலை முட்டுச்சட்டம் வைத்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டார். கட்டி முடித்ததும் ஒரு தூணில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பட்டறைக்காரி எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கேட்காத மனிதரிடம் போய் எதற்குச் சொல்ல வேண்டும்? இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் மாமா வீட்டுக்குப் பால் வாங்கப் போனவள், யாரும் பார்க்காதபோது ஸ்க்ரூடிரைவரைத் தூணின் அடியில் குத்திப் பார்த்தாள். பிடிவரைக்கும் இறங்கியது. உருவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, பால் பாத்திரத்தோடு வந்துவிட்டாள். அன்று முழுக்கப் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விழுந்தால்தான் அந்த மனுஷர் எழுதுவதை நிறுத்துவார் என்றாள்.

மூன்றாவது வாரம் கொட்டகை விழுந்தது. மத்தியானக் காற்று ஒன்று தகரத்தைத் தூக்கி அடிக்க, தூண்கள் வரிசையாக மடிந்தன. மாடுகள் மேய்ச்சலில் இருந்தன. உள்ளே சாணி அள்ளிக்கொண்டிருந்தது அக்கா. தோள் எலும்பு முறிந்துபோனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அக்கா, தங்கையைப் பார்த்ததும் அழவில்லை.

“தூணைக் குத்திப் பாத்தியாமே? உன் பட்டறைக்கு வர்றவங்க சொன்னாங்க.”

“ஆமா.”

“அடியில நிக்கிறது நான்னு உனக்குத் தோணலையா?”

பட்டறைக்காரி கிளம்பிவிட்டாள். வீடுவரை நடந்தே வந்தாள். மாமாவுக்கென்று வைத்திருந்த இளக்காரத்தை எடுத்துத் தன்மேல் போட்டுப் பார்த்தாள். அளவு கச்சிதமாக இருந்தது.

மறுநாளே பட்டறையை மூடிவிட்டுக் கொட்டகை வேலையில் இறங்கினாள். தரைக்கு மேலே எழும்பிய காங்கிரீட் மேடைகள், அவற்றில் போல்ட் போட்டு முடுக்கிய இரும்புத் தூண்கள், மூலைதோறும் முட்டு. மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூல்பிடித்து ஒவ்வொரு மூலையும் செங்கோணமா என்று பார்த்தாள். காலையும் மாலையும் அக்காவுக்குப் பதிலாக மாடு கறந்ததும் அவள்தான். மாமா போனும் கையுமாகச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொன்றும் ஏன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எதற்கென்று தெரிந்தே சொன்னாள்.

அடுத்த மாத இதழில் வந்துவிட்டது: ‘காற்றுக்கு அசையாத கொட்டகை: என் அனுபவம்’. படத்தில் இரும்புத் தூணைத் தட்டிக்கொடுத்தபடி மாமா. ஓரத்தில் அவளுடைய முழங்கை. அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. கடைசியில் கட்டம்கட்டி ஒரு சொந்த யோசனை சேர்த்திருந்தார். காலி டீசல் பீப்பாயை ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டு அறுத்துப் பற்றவைத்தால் அருமையான தீவனத்தொட்டி கிடைக்குமாம். படித்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள்.

மாமா கூடத்தில் இரண்டு வாசகர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை.

“மாமா, அந்தப் பீப்பாய் விஷயம் தப்பு. அலசினாலும் உள்ள ஆவி நிக்கும். பத்தவச்சா வெடிச்சு ஆளே செத்துடுவான்.”

“நான் நாலையும் படிச்சுட்டுத்தான் எழுதறேன்மா.”

“எதுல படிச்சீங்க?”

மாமா வாசகர்களைப் பார்த்துச் சிரித்து, பெண்பிள்ளைகளுக்கு நெருப்பென்றால் பயம் என்றார். இருபது வருடமாக நெருப்போடு புழங்குகிறவளைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு. உள்ளேயிருந்து கைக்கட்டோடு அக்கா வந்து நின்றாள்.

“இப்பவே ஆபீசுக்கு போன் போட்டுத் திருத்தச் சொல்லுங்க. இல்லேன்னா நாளைலேருந்து அவ கறக்க வரமாட்டா. நீங்களே கறந்துக்கங்க.”

மாடு கறக்கத் தெரியாதவர் வேறென்ன செய்வார்? போன் போட்டார்.

அடுத்த இதழில் திருத்தம் வந்தது, பொடி எழுத்தில். எரிபொருள் இருந்த பீப்பாயை யாரும் பற்றவைக்க வேண்டாம், சென்ற இதழில் வந்தது அச்சுப்பிழை. நாலு வரி முழுக்கப் பிழையாக அச்சாகும் இயந்திரத்தைத் தானும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள் பட்டறைக்காரி. ஆனால் விஷயம் சரியாக இருந்தது. பட்டறைக்கு வந்தவர்களிடம் சிரிக்காமல் படித்துக் காட்டினாள்.

மாமாமேல் மரியாதை ஒன்றும் வந்துவிடவில்லை. முதுகுக்குப் பின்னால் சிரிப்பதைத்தான் விட்டாள். கண்ணில் பட்ட தப்பைக் கறக்கப் போகும்போதே முகத்துக்கு நேராகச் சொன்னாள். தாங்கமாட்டாமல் மாமா அந்த நேரம் பார்த்து வெளியே உலாவக் கிளம்பினார். அவளா விடுவாள்? சொல்ல வேண்டியதைக் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்துவிட்டு வந்தாள்.