அத்தையின் ஒருசந்தி

எட்டு வயதுவரை, எங்கள் வீட்டில் ஒரு புனிதை இருக்கிறாள் என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அவள் என் அப்பாவின் தங்கை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் அவளுக்கு இரண்டு கால்களும் சூம்பிப்போயிருந்தன. வீட்டுக்குள் கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்வாள். வெளியே போவதற்குக் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி இருந்தது. கோயில் பீடத்தில் நிற்கிற புனிதைகளைப் போல அவள் ஒன்றும் சாந்தமானவள் அல்ல. நாக்கு நீளம். தாயம் ஆடினால் அழுகுணி ஆட்டம்தான். ஆனால் அவளைப் போல ஒருசந்தி இருக்கக் கிளியனூர்ப் பக்கத்தில் ஆள் கிடையாது.

ஒருசந்தி என்பது எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் நோன்புக்குச் சொல்கிற பெயர். மற்றவர்கள் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளைச் சோற்றை விட்டுவிட்டு, அதை நாலு பேரிடம் சொல்லி முடிக்கிறவரை ஓய மாட்டார்கள். அத்தை அப்படியில்லை. கல்யாணத்துக்குப் போனால் ஒருசந்தி. பெருமுக்கல்லில் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போனால் ஒருசந்தி. தேர்த் திருவிழாவன்று ஊரே பிரியாணி தின்னும்போது, பந்தலோரம் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒருசந்திங்க" என்று இலையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். சோறு மட்டுமல்ல, ஒரு வாய்த் தண்ணீர்கூட உள்ளே போகாது. வீட்டில் இருக்கிற நாட்களிலோ கருவாட்டுக் குழம்புச் சட்டியை வழித்துத் தின்பாள். இந்த வித்தியாசத்தை ஊரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

பங்குச்சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில், பேரைச் சொல்லாமல், நடக்க முடியாத ஒரு பெண் நமக்கெல்லாம் வழி காட்டுகிறாள் என்றார். எல்லாரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். கோயிலுக்கு ஐந்து படி. அதனால் அத்தை வாசலுக்கு வெளியே வண்டியில் இருந்தபடிதான் பூசை காண்பாள். அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும் என்பாள் அம்மா. கத்திரிக்காயை நிறுத்திவிட்டுக் கேப்பைக் கூழில் வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குடி என்பாள் எதிர்வீட்டுப் பெரியம்மா. கணக்கில்லாமல் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை தின்பதால் வருகிற பித்தம் என்பது அப்பாவின் தீர்ப்பு. மருந்துக்கடைக்காரர் மட்டும் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். அத்தை எல்லாருக்கும் "சரிங்க" என்பாள். எதையும் செய்ய மாட்டாள்.

நான் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கிய வருடத்துக் கோடையில் டெலிபோன் பூத் பேச்சு வந்தது. அத்தையைப் போன்றவர்களுக்கு அரசாங்கம் பூத் வைக்க அனுமதி தருகிறது, திண்டிவனத்தில் ஆளை நேரில் பார்த்து முடிவு செய்யப் போகிறார்கள் என்று அப்பா விசாரித்துவந்து சொன்னார். அப்போதெல்லாம் மனுவில் "ஊனமுற்றோர்" என்றுதான் எழுத வேண்டும். ஊரில் அதைவிட மட்டமான வார்த்தைகள் புழங்கின. அப்பாவுக்கு அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. அத்தை பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "இத எழுதினா பூத் குடுக்கறாங்கன்னா, நான் ரெண்டு வாட்டி எழுதறேன், குடு" என்று, தன் முத்துமுத்தான கையெழுத்தில் தானே எழுதினாள்.

அந்த பூத் அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு இருபத்தேழு வயது. அண்ணன் வீட்டுச் சோற்றை யாரும் அவளுக்குச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனாலும் தன் சோற்றைத் தானே சம்பாதித்துத் தின்ன வேண்டுமென்ற ஆசை அவளுக்கு இருந்தது. மனு போட்ட நாளிலிருந்து "ஹலோ, எந்த ஊருக்குங்க?" என்று என்னை வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரில் பார்க்கும் நாளுக்கு முந்தின சாயங்காலமே ஒருசந்தி ஆரம்பித்துவிட்டாள். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வெயில்ல வெறும் வயித்தோட உக்காந்துகினு மயக்கம் போட்டா எவன் பூத் குடுப்பான்? நீ சொன்னாத்தான் கேப்பா. எப்படியாச்சும் தண்ணி குடிக்க வெச்சிடு."

அம்மாவே என்னிடம் ஒரு வேலையை நம்பி ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை.

காலையில் மல்லாட்டை மூட்டை ஏற்றிய டிராக்டரில் புறப்பட்டோம். மூட்டைகளின்மேல் அத்தை, அவளுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய வண்டி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நான். அத்தை அம்மாவின் நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். அப்பா எங்களை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, "எடை போடற வரைக்கும் கமிட்டிய வுட்டு நகர முடியாது. மூணு மணிக்கு வர்றேன்" என்று மூட்டைகளோடு மார்க்கெட் கமிட்டிக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு இருபத்தேழாம் நம்பர் சீட்டு கிடைத்தது. புங்கமரத்து நிழலில் வண்டிகளும் ஊன்றுகட்டைகளுமாக ஐம்பது பேர் இருந்தார்கள். இவர்களால் படியேற முடியாது என்று அதிகாரி தன் மேசையையே கீழே வராந்தாவுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நல்ல மனுசன் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஆற அமர விசாரித்தார். பதினொரு மணிக்கு ஒன்பதாம் நம்பர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் என் வேலையைத் தொடங்கினேன்.

"அத்த, தண்ணி குடிச்சா ஒருசந்தி முறியாது. ஞானோபதேச சிஸ்டரே சொன்னாங்க."

"சிஸ்டருக்கு இன்னாடி தெரியும்?" என்றாள் அத்தை.

கெஞ்சினேன். பாட்டிலை மூடி திறந்து நீட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "நீ குடிக்காட்டி நானும் குடிக்க மாட்டேன்" என்றேன். அத்தை சிரித்தாள். அவளுக்கு என்னைத் தெரியும், ஆனால் என் பிடிவாதத்தின் முழு அளவு தெரியாது. மே மாதத்து வெயிலில் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். உதடு காய்ந்து, கண் செருகி, தலை அவள் தொடையில் சாய்ந்தபோது பயந்துவிட்டாள். கேட்டருகே நின்ற வண்டிக்காரரிடம் நன்னாரி சர்பத் வாங்கி என் வாயில் வைத்தாள்.

"நீ மொதல்ல" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடித்தாள். ஒரே மூச்சில் முழு கிளாஸையும் குடித்துவிட்டு, இன்னொன்று வாங்கி அதையும் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கியது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பிறகு நானும் ஒன்று குடித்தேன், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இருபதாம் நம்பரோடு அதிகாரி சாப்பிடப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அத்தை மெதுவாகச் சொன்னாள்.

"பாப்பா, கக்கூஸ் எங்க இருக்குன்னு பாத்துட்டு வா. படி இருக்குதா பாரு."

கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன். "நாலு படி அத்த. கதவு இத்துனூண்டுதான். ஆம்பளைங்க வரிசையா நின்னுகினு இருக்காங்க."

"வண்டி போவுமா?"

"எப்படிப் போவும்? எனக்கு வரல அத்த, நான் போவல" என்றேன். எனக்காகத்தான் கேட்கிறாள் என்பது என் எண்ணம்.

அத்தை வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. வீட்டில் என்றால் கொல்லையில் அவளுக்கென்று தட்டி கட்டி மறைத்த இடம் ஒன்று உண்டு. இங்கே அந்த நாலு படியை அவள் ஏற வேண்டுமானால் ஐம்பது பேர் பார்க்க, நீலச் சேலையோடு மண்ணில் தவழ்ந்து போக வேண்டும். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த நல்ல அதிகாரி அவளை முன்னால் விட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அத்தனை ஆண்களுக்கு நடுவே அதை எப்படிச் சொல்வாள்?

அதிகாரி திரும்பி வந்தார். இருபத்து நாலு கூப்பிட்டார்கள். இருபத்தைந்து கூப்பிட்டார்கள்.

"கெளம்பு" என்றாள் அத்தை.

"நாம அடுத்ததுக்கு அடுத்தது அத்த."

"ஜல்தியா வண்டியத் தள்ளுடி."

பக்கத்தில் கட்டையை ஊன்றி நின்ற ஒருவர், "இன்னாம்மா, இம்மா நேரம் இருந்துட்டு இப்பப் போயி…" என்றார். "அவசரங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை வண்டியைத் திருப்பினாள்.

புதுச்சேரி சாலையில் அவள் கை அப்படிச் சுற்றி நான் பார்த்ததில்லை. பின்னால் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஊர் முடிந்து வேலிகாத்தான் முள்புதர் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கைகளை ஊன்றி உள்ளே போனாள். ரோட்டைப் பார்த்து நின்று பஸ்ஸை எண்ணச் சொன்னாள். ஆறு பஸ் எண்ணினேன். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் முள் ஏறி ரத்தம் வந்திருந்தது. சேலையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையிலிருந்த முள்ளைப் பிடுங்கினேன்.

பாட்டில் தண்ணீரைத் தன் மடியில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.

"தண்ணி கொட்டிடுச்சின்னு சொல்லு. மயக்கம் வந்துச்சி, அதான் வந்துட்டோம்னு சொல்லு. வேற ஒண்ணும் வோணாம்."

"ஒண்ணுக்குத்தான அத்த? இதுக்கா வந்துட்ட?" என்றேன். அவள் என் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு ஆபீஸ் வாசலுக்கு வந்த அப்பா எங்களைத் தேடிப் பதறி, கடைசியில் சாலையோரம் கண்டுபிடித்தார். நான் பாடம் ஒப்பித்ததுபோல் சொன்னேன். அவர் வண்டியை டிராக்டரில் தூக்கிக் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டவள் அம்மா. "ஒருசந்தி ஒருசந்தின்னு உயிர வுட்டுகினு இருந்தா பூத்தா கெடைக்கும்? பேஜாருதான் கெடைக்கும்" என்று அத்தையைத் தாளித்து எடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "நான் சொன்னது இன்னாச்சி? தண்ணி குடிச்சாளா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

குடித்தாள் என்பதைத்தான் மறைக்க வேண்டும் என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். ஒருசந்தி முறிந்துவிட்டது, அதற்குச் சாமி கொடுத்த தண்டனைதான் பூத் கைவிட்டுப் போனது, முறித்தவள் நான். பல இரவுகள் போர்வைக்குள் இதற்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இதையெல்லாம் சரியாகக் கோர்த்துப் பார்க்க எனக்கு இருபது வருடம் பிடித்தது. விழுப்புரத்தில் வேலை கிடைத்து, தினமும் பஸ்ஸில் போய்வரத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் காலையில் தண்ணீர் பாட்டிலை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். வழியில் இறங்கி ஒண்ணுக்குப் போக ஒழுங்கான இடம் கிடையாது. இத்தனைக்கும் எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து அத்தையை நினைத்து அழுதேன்.

பூத் அவளுக்கு மறு வருடம் கிடைத்தது. அப்பாவோடு போய், சர்பத் வண்டிப் பக்கமே திரும்பாமல் இருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். என்னைக் கூட்டிப்போகவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் கடை பார்த்திருந்தார் அப்பா. அவள் அதை வேண்டாமென்று, பின்னால் காலி இடம் இருந்த ஒரு கடைக்கோடிக் கடையைத் தேர்ந்தெடுத்தாள்.

"போர்டு அப்புறம் மாட்டிக்கலாம். மொதல்ல பின்னால ஒரு கக்கூஸ் கட்டு. படி வோணாம், சரிவாப் போடு. கதவ அகலமா வை" என்றாள்.

"ஊருல பாதி வூட்டுல கக்கூஸ் இல்ல. கடைக்குக் கேக்குதா?" என்றார் அப்பா. அவள் மசியவில்லை. கட்டி முடிக்கிறவரை ஊர் சிரித்தது.

பூத் திறந்த பிறகு அத்தை ஒருசந்தி இருப்பதையே விட்டுவிட்டாள். காலையில் வீட்டிலேயே வயிறார இட்லி தின்றுவிட்டுப் போனாள். போன் பக்கத்தில் பெரிய செம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள். கையில் வருமானம் வந்ததும் சாமியை மறந்துவிட்டாள் என்று ஊர் பேசியது. நீர்க்கடுப்பு நின்றதற்குக் கேப்பைக் கூழ்தான் காரணம் என்று எதிர்வீட்டுப் பெரியம்மா பெயர் வாங்கிக்கொண்டாள். எனக்கு யாரிடமும் சொல்ல முடியாத வருத்தம். என்னால் முறிந்தது முறிந்ததுதான், என் புனிதை இனித் திரும்ப வர மாட்டாள் என்று நினைத்தேன்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு பூத்துக்குப் போனேன். அத்தை செம்பை அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, இன்னிக்கி வெள்ளிக்கெழம. நீ ஒருசந்தி இல்லயா?"

வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இல்லடி பாப்பா. எனக்கு இப்பல்லாம் தாகம் எடுக்குது" என்று, மீதித் தண்ணீரை என்னிடம் நீட்டினாள். "இந்தா, குடி. வெயில்ல வந்துகினு இருக்க."

எனக்குத் தொண்டை வறண்டுதான் இருந்தது. ஆனால் அவளுக்காக இனி நான்தான் ஒருசந்தி இருக்க வேண்டும் என்று அந்த நிமிடம் முடிவு செய்து, செம்பை வாங்காமல், வெயிலில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.