நான் வெட்டிய அரவு

போன கிழமை ஒரு டைரக்டர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "எழுத்துல இன்னும் கொஞ்சம் ரத்தம் வேணும்" என்றார். படம் தொடங்கும்போது பெயர்கள் வருகின்றனவே, அவற்றை வடிவமைப்பதுதான் என் தொழில். நீங்கள் தியேட்டருக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனால் தவறவிடுவது என் ஒரு மாத உழைப்பை. சிவப்பை ஊற்றிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் ரத்தத்துக்கு வாடை கிடையாது. எனக்கு மட்டும் புளித்த ரப்பர் பால் வாடை அடித்தது.

என்னுடைய முதல் ரத்தமே ரப்பர் பால்தான். இலங்கையில், கித்துல்கலைக்குப் பக்கத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்துப் பையன்கள் சேர்ந்து ஒரு பழிவாங்கும் படம் எடுத்தார்கள். நடிப்பு வராத என் தலையில் டைட்டில் வேலை விழுந்தது. பாலில் சிவப்புச் சாயம் கலந்து, வெட்டிய பட்டையில் வழியவிட்டுப் படம்பிடித்தேன். ஈக்கள்கூட ஏமாந்தன. அதோடு விட்டேனா? பால் வெட்டும் கத்தி பறந்துவந்து ஒவ்வொரு வரியிலும் ஒரு துண்டைச் சீவ வேண்டும், சீவிய இடத்தில் ரத்தம் வழிய வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அப்போது இரத்தினபுரியில் ஒரு வீடியோ கடையில் வேலை பார்த்தேன். அந்தக் காலத்து ஃபொண்டில் 'கொ' மூன்று துண்டாக இருக்கும்: கொம்பு, 'க', அரவு. அரவு என்றால் நீங்கள் துணைக்கால் என்று படித்தது. நட்ட கம்பு மாதிரித் தனியே நிற்கும், வெட்ட வசதி. 'வீடு கொடுத்தவர் அந்தோனி' என்ற வரியில் அதைத்தான் வெட்டினேன். கூட வேலை செய்த நிமல், "மரு மச்சான்!" என்று துள்ளினான். சிங்களத்தில் பிரமாதம் என்று அர்த்தம். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த நானோ கத்தி பறக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சம் என்ன நிற்கிறது என்று வாசிக்கவில்லை.

அந்தோனி அண்ணன் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த தன் வீட்டை, படம் எடுக்க நான்கு நாள் எங்களிடம் விட்டுவிட்டு, பெண்சாதி பிள்ளையோடு சொந்தக்காரர் வீட்டில் படுத்தவர். திரையில் பெயர் வரும் என்ற ஆசை ஒன்றுதான் அவருக்கு. பக்கத்து வீட்டுச் சவரியின் மனைவி கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவள் போவதற்கு அண்ணன் ஒரு விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். சவரிக்கு அது போதும். குடித்த நாளெல்லாம் அண்ணன் வாசலில் நின்று கத்துவான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தோட்டத்துக் கிளப் ஹாலில் படத்தைப் போட்டோம். கத்தி பறந்தது, அரவு விழுந்தது. 'வீடு கெடுத்தவர் அந்தோனி' என்று திரையில் நின்றது. நான் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். முதலில் ஒரு விசில், பிறகு ஹால் முழுக்கச் சிரிப்பு.

சவரி எழுந்தான். "பாத்தீங்களா? எழுத்துலயே போட்டுட்டானுங்க!" காலையில் பால் வெட்டிவிட்டு நேரே வந்தவனின் இடுப்பில் கத்தி இருந்தது. அண்ணன் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினார். இரண்டு விரல் போயிற்று. பெஞ்சுகள் சரிந்தன, பெண்கள் அலறினார்கள், திரையில் என் சாயம் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் போய் அழுதேன். "நீ வேணும்னு செய்யல, தெரியும்" என்றார் அண்ணன். "ஆனா எம் பேர எடுத்துரு தம்பி. எங்கயுமே இருக்க வேணாம்."

எடுத்தேன். நான் பிழையில்லாமல் செய்த முதல் வேலை அது. கத்தி பிடிக்க முடியாதவருக்குத் தோட்டத்தில் என்ன வேலை? குடும்பத்தோடு ரம்புக்கனைப் பக்கம் போனார். அங்கேயே இறந்தார். பிறகு ஒரு மழையில் மண் சரிந்து அந்த லயமும் புதைந்தது.

போன வருடம் அவருடைய மகள், பழைய வீட்டைத் தன் ஆறு வயது மகனுக்குக் காட்ட வேண்டும் என்று, அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடிவந்தாள். அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவர்கள் வீட்டுக் கதவு, கரி பிடித்த அடுப்படி, சுவரில் மாதா படம், எல்லாம் அப்படியே இருந்தன. அவள் திரையைத் தொட்டுத் தொட்டு மகனுக்குக் காட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா பேரு எந்த எடத்துல வரும் அங்கிள்?"

வராது என்று சொல்லத் துணிவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.