கோமப்பன் நிமிர்ந்தார்

மத்தி வாங்கப் போன இடத்தில்தான் பிரேமஜா முதலில் கேள்விப்பட்டாள்.

"மோளே, உங்கப்பாவுக்கு விரிசல் விட்டிருச்சாமே!" என்றாள் மீன்காரி பாத்தும்மா.

அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. விரிசல் விட்டது கோழிக்கோட்டில் அவர் பெயரில் நிற்கும் மேம்பாலம்.

கவுன்சிலர் கோமப்பன் பெரிதாக எதையும் சாதித்தவரல்ல. வார்டுக்குச் சில தண்ணீர்க் குழாய்கள் கொண்டுவந்தார், அவ்வளவுதான். அந்தப் பாலமே வேண்டாம், கீழே உள்ள கடைகள் இருட்டாகிவிடும் என்று மன்றத்தில் கூச்சல் போட்டவரும் அவர்தான். அவர் இறந்த பிறகு கட்டினார்கள். அவருடைய கட்சிக்காரர்கள் முரண்டு பிடிக்கவே, அவர் பெயரையே சூட்டி வாயை அடைத்தார்கள்.

ரேஷன் கடையில் அரிசி அளக்கும் பிரேமஜாவுக்கு இதில் தனிப் பெருமை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர், "கோமப்பன் இறங்கு, கோமப்பன் இறங்கு!" என்று கத்தும்போது மட்டும் சிரிப்பு வரும். உயிரோடிருந்தவரை அவரை மேடையிலிருந்து யாராலும் இறக்க முடிந்ததில்லை.

பாலத்தை மூடியதும் அந்தச் சிரிப்பு போயிற்று.

"கோமப்பன்ல சிமெண்டை விட மணல்தான் ஜாஸ்தியாம்," என்றார் ரேஷன் வரிசையில் ஒருவர். "எவ்வளவு தின்னாரோ!"

"கட்டும்போது அவர் உயிரோடவே இல்ல, சேட்டா."

"ஆள் இல்லன்னா என்ன? பேர் இருந்துச்சே!"

பிரேமஜா அவருக்கு அரிசியை அளந்து போட்டாள். பெயருக்குக் கை கிடையாது, தின்ன முடியாது. வாயும் கிடையாது, தின்னவில்லை என்று சொல்லவும் முடியாது. பாலத்தை இடித்துவிட்டால் 'கோமப்பன் ஊழல்' என்ற பேச்சு மட்டும்தான் ஊரில் மிஞ்சும். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பாலம் தாங்குமா, இடிப்பதா என்று முடிவு செய்யும் சோதனை நாளில் ஜல்லி ஏற்றிய லாரிகளைப் பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தினார்கள். பிரேமஜா லீவு போட்டுவிட்டுக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"வளைஞ்சிருச்சு!" என்று யாரோ கத்த, அவள் கயிற்றைத் தாண்டினாள். அளவு பார்த்துக்கொண்டிருந்த பெண் என்ஜினீயரிடம் ஓடினாள்.

"பாரம் ஏத்தினா வளையத்தான் செய்யும், சேச்சி. எடுத்தப்புறம் நிமிருதான்னுதான் பார்க்கணும். நாளைக்கு வாங்க."

மறுநாள் லாரிகள் இறங்கிய பிறகு என்ஜினீயர் வெகுநேரம் குனிந்து அளவைப் பார்த்தாள். "கோமப்பன் நிமிர்ந்துட்டார்! மேல்பூச்சுலதான் விரிசல். பூசிட்டாத் திறந்துடலாம்."

பிரேமஜா நேரே டீக்கடைக்குப் போய் ஒரே மூச்சில் மூன்று பழம்பொரி தின்றாள்.

பாலம் திறந்த அன்று அவள் ஏறிய பஸ் நட்டநடுப் பாலத்தில், நெரிசலில் சிக்கி நின்றது. பக்கத்து சீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார்.

"சே, இந்தக் கோமப்பனால எப்பவும் லேட்டுதான்!"

"ஆமாங்க," என்றாள் பிரேமஜா சந்தோஷமாக. "எந்தக் கூட்டத்துக்கு அவர் நேரத்துக்கு வந்தார்?"