கரீம் தங்கிப் போன இரண்டு நாள்

சைகோனிலிருந்து ஊர் திரும்பிய அப்துல் கஃபார், பெட்டி படுக்கையை அவிழ்ப்பதற்கு முன்பே முல்லா வீதிக்கு வந்து ரமீஜாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் ரமீஜாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நல்ல சேதி என்றால் மனிதர் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு நாளைக்கு வந்திருப்பார். இப்படி ஓடி வந்ததிலேயே, இது நல்ல சேதி இல்லை என்று ரமீஜாவுக்குத் தெரிந்துவிட்டது. மிஷினில் பாதி தைத்திருந்த துரைசானியின் கவுனை அப்படியே விட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ஒம் புருசன் கரீம் கடையை மூடிட்டான், தங்கச்சி. பிரெஞ்சுக்காரன் கிளம்பினப்புறம் அங்க என்னா யாவாரம்? குடும்பத்தோட மர்சேய்க்குப் போறான். கப்பல் மெட்ராஸ்ல சரக்கு ஏத்த நிக்குமாம். அந்த நேரத்துல இங்க வந்து ரெண்டு ராத்திரி தங்கிட்டுப் போறேன்னான்."

"குடும்பத்தோடன்னா?"

"எல்லாரையும் கூட்டிக்கிட்டுத்தான்." அப்துல் கஃபார் தரையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொல்லிவிட்டார். "தாவூது என்னா படிக்கிறான், எவ்ளோ ஒசரம் இருக்கான்னு கேட்டான். பிரான்சுல படிக்கிற புள்ளைங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்குன்னான். வேற ஒண்ணும் சொல்லல."

வேறு என்ன சொல்ல வேண்டும்? ரமீஜாவுக்கு அது போதும்.

அவளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. கல்யாணமாகி, தாவூது பிறந்து, அவன் குப்புற விழுவதற்குள் கரீம் சைகோனுக்குக் கப்பல் ஏறினான். அப்புறம் ஒரே ஒரு முறை வந்து போனான். அங்கே ஒரு சைகோன்காரியை நிக்காஹ் செய்துகொண்டான் என்ற சேதி அவளுக்கு ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் தெரிந்தது. அழுதாள். அழுது முடித்து ஒரு தையல் மிஷினை வாங்கிப் போட்டாள். அந்த நாளிலிருந்து கடற்கரைப் பக்கத்துத் துரைசானிகளின் கவுனும் அவர்கள் வீட்டு ஜன்னல் திரையும் அவள் கையில்தான் உருவாயின. பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆன பிறகும், ஊரைவிட்டுப் போகாத துரைசானிகள் அவளைத் தேடித்தான் ஆள் அனுப்பினார்கள். புருஷன் இல்லாத வீடு என்று யாரும் பரிதாபப்பட அவள் இடம் வைத்ததில்லை. பரிதாபப்பட்டவர்களுக்கு அளவு தப்பாமல் பதில் தைத்துக் கொடுப்பாள். தாவூது கொலேழில், அந்த ஊர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், படித்தான். பதினாறு வயதுக்கு அவனுக்குக் கொஞ்சம் அதிகமான அமைதி. அவளுக்கு இருந்ததெல்லாம் அவன்தான். பெற்றவனே வந்து, பிரான்சு, படிப்பு, பெரிய வாழ்க்கை என்று ஒரு வார்த்தை சொன்னால் எந்தப் பையன் மாட்டேன் என்பான்?

கரீமை வராதே என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. வீடு அவன் வீடு. ஆகவே ரமீஜா வேறொரு யோசனை செய்தாள். வரட்டும், தங்கட்டும். ஆனால் அப்பனும் பிள்ளையும் தனியாக உட்கார்ந்து பேச ஒரு பொழுதுகூடக் கிடைக்கக் கூடாது.

துணியை வெட்டுவதற்கு முன் சாக்கட்டியால் கோடு போடுவாளே, அப்படி அந்த இரண்டு நாளையும் கோடு போட்டு வெட்டினாள். வந்து இறங்கிய அன்று பகல் விருந்து நாத்தனார் ஜீனத்துன்னிசா வீட்டில். சாயங்காலம் மையவாடிக்குப் போய் மாமியார் அடங்கிய கபுருக்கு சியாரத். ராத்திரி முத்தியால்பேட்டையில் சின்ன மாமனார் வீட்டுச் சோறு. மறுநாள் காலைப் பசியாறல் அப்துல் கஃபார் வீட்டில். பகலுக்குக் கதிர்காமத்துத் தோப்பில் கரீமின் சித்தி மகன் வைக்கும் விருந்து. ராத்திரி மறுபடி ஜீனத்துன்னிசா. வீட்டில் இடம் போதாது என்று சாக்குச் சொல்லித் தாவூதை நாத்தனார் வீட்டிலேயே படுக்கவைப்பது. தன் வீட்டில் ஒரு வேளைச் சோறுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டாள். வீட்டில் சோறு என்றால் கை கழுவிய பிறகு பேச்சு வரும். பேச்சு வந்தால் வினையும் வரும்.

சொந்தக்காரர்களுக்கோ வாயெல்லாம் பல். இத்தனை வருஷம் கழித்து வருகிற கரீமுக்கு ஒரு வேளைச் சோறு போட முடியாமல் போய்விடுமோ என்று தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ரமீஜாவே வீடு தேடி வந்து வேளையைக் குறித்துக் கொடுத்தால் கசக்குமா? "ரமீஜாவுக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க" என்று தெருவே பேசியது. ரமீஜா அந்தப் பாராட்டை மறுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சிக்கு மட்டும் உண்மை தெரியும். அவளிடம் ரமீஜா எதையும் மறைத்ததில்லை.

"எல்லாம் சரி பாயம்மா. அவரு கேட்டுத்தான் தீருவேன்னு வந்தாருன்னா வண்டியில போறப்பக்கூடக் கேப்பாரே?"

"வண்டியில எல்லாரும் இருப்பாங்க. எல்லார் எதிர்லயும் கேக்குற ஆளு இல்ல அவரு. எதையும் மூடி மூடிச் செய்யுறவரு."

"அது என்னமோ வாஸ்தவந்தான்" என்றாள் அஞ்சலாட்சி. அவளுக்கும் அந்த ஏற்பாட்டில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

கரீம் வந்தான். காதோரம் நரைத்திருந்தது, கொஞ்சம் தொந்தி விழுந்திருந்தது. பின்னால் சின்னப் பெண்கள் இருவரின் கையைப் பிடித்துக்கொண்டு மரியம் இறங்கினாள். நிக்காஹின்போது அவளுக்கு வைத்த பெயர் அது. சின்ன உருவம். களைத்த முகம். ரமீஜா எத்தனையோ வருஷமாக மனசுக்குள் வளர்த்து வைத்திருந்த அழகிக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை. "அஸ்ஸலாமு அலைக்கும், அக்கா" என்று மழலைத் தமிழில் சொன்னாள். ரமீஜா பதில் ஸலாம் சொன்னாள். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்?

கரீம் மகனைப் பார்த்தான். மகன் அவனைவிட ஒரு விரல் உயரமாக நின்றான்.

"வளந்துட்டியே" என்றான் கரீம்.

"ஆமா அத்தா" என்றான் தாவூது. அதற்குள் ரமீஜா, நேரமாகிறது, நாத்தனார் காத்திருப்பார் என்று எல்லோரையும் கிளப்பிவிட்டாள்.

ஜீனத்துன்னிசா வீட்டுக் கூடத்தை இரண்டாகப் பிரித்துத் திரை கட்டியிருந்தது. முன்பக்கம் ஆண்கள், உள்பக்கம் பெண்கள். நெய்ச்சோறும் கறியும் சஹனில் வந்தன. சஹன் என்றால் பெரிய தாம்பாளம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். ரமீஜா உள்ளே உட்காரப் போனபோது, திரைக்கு அந்தப் பக்கம் நாத்தனார் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"தாவூது, நீ எங்க இங்க உக்கார்ற? போ, ஒங்க அத்தா சஹன்ல போய் உக்காரு. இத்தினி வருசம் கழிச்சி வந்திருக்காரு."

ரமீஜா திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இதை எப்படி மறந்தாள்? எந்த விருந்துக்குப் போனாலும் தாவூது இந்த மாமாவோடுதான் உட்காருவான். அப்பன் ஊரில் இல்லாத பிள்ளைக்கு வேறு சஹன் ஏது? இத்தனை வருஷப் பழக்கத்தில், அப்பன் வந்தால் பிள்ளை அவன் தட்டில்தான் உட்காரும் என்பதே அவள் நினைப்பில் இல்லாமல் போய்விட்டது. ஒன்றல்ல, ஐந்து விருந்து. ஐந்திலும் அப்பனும் பிள்ளையும் தோளோடு தோள் உரச ஒரே தட்டில். அவளோ திரைக்குப் பின்னால், காது கேட்காத தூரத்தில். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டாயிற்று. வீட்டில் இரண்டு வேளை சோறாக்கிப் போட்டிருந்தால் பரிமாறுகிற சாக்கில் பக்கத்திலாவது நின்றிருக்கலாம்.

அவளை மரியத்தோடு ஒரே சஹனில் உட்கார வைத்தார்கள். அதுதான் மரியாதை என்று ஜீனத்துன்னிசா நினைத்திருக்க வேண்டும். மரியம் சோற்றை நுனிவிரலால் அள்ளி, தன் பக்கத்து எல்லைக்குள்ளேயே சாப்பிட்டாள். நல்ல கறித்துண்டு வந்தால் அதை மெதுவாக ரமீஜாவின் பக்கம் தள்ளினாள். சஹனில் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? கரீம்தான். இவளுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க அவனுக்கு நேரம் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது, அழகி என்று நினைத்திருந்த காலத்தில்கூட வராத பொறாமை ரமீஜாவுக்கு வந்தது.

விருந்து முடிந்ததும் மகனை ஓரமாக அழைத்தாள். "அத்தா என்னடா பேசினாரு?"

"ஒண்ணும் இல்லம்மா."

முத்தியால்பேட்டையிலும் அதே பதில். மறுநாள் காலையிலும் அதே. "சைகோன் கடையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாரு. என்னைய, சாப்பிடு சாப்பிடுன்னாரு." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்ன விதத்தைப் பார்த்ததும் ரமீஜாவுக்கு உறுதியாகிவிட்டது. மறைக்கிறான். முடிவு பண்ணிவிட்டான். அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறான். தங்கைகள் இருவரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஓயாமல் பேசினார்கள். அவனும் பதில் சொன்னான், சிரித்தான். அத்தனை வருஷம் அந்த வெள்ளைக்கார வீடுகளுக்குத் தைத்தும் அந்த பாஷையைக் கற்றுக்கொள்ளாத தன்னை ரமீஜா நொந்துகொண்டாள்.

கதிர்காமத்துத் தோப்பில் பொறுக்க முடியாமல் மரியத்திடமே கேட்டுவிட்டாள். மற்றப் பெண்கள் எழுந்து கை கழுவப் போயிருந்தார்கள். சஹனில் அவர்கள் இருவர்தான்.

"எம் புள்ளைய ஒங்களோட கூட்டிக்கிட்டுப் போகப் போறீங்களா?"

மரியத்துக்குக் கேள்வி புரிந்தது. புரியாதது போல நடிக்கவில்லை. தட்டையே பார்த்தாள். "தாவூது நல்ல புள்ள, அக்கா. உங்க வளப்பு" என்றாள். அப்புறம் மிச்சமிருந்த ஒரு கறித்துண்டை ரமீஜாவின் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். கேட்டதற்கு இல்லை என்று சொல்லவில்லையே என்று ரமீஜா அந்தத் துண்டை அப்படியே விட்டுவிட்டாள். அன்று ராத்திரி விருந்தில் அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மெட்ராஸ் போக வாடகைக் கார் வந்து நின்றது. தெருவே வழியனுப்ப வந்திருந்தது. கரீம் தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மகன் கையில் கட்டினான். அவன் தலையில் கையை வைத்து துஆ ஓதினான். ரமீஜா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதோ, இப்போது சொல்லப் போகிறான். பெட்டியை எடுத்து வா என்பான்.

"நல்லாப் படி. அம்மாவப் பாத்துக்க" என்றான் கரீம். ரமீஜாவின் பக்கம் திரும்பி, "வர்றேன்" என்றான். காரில் ஏறினான். மரியம் மட்டும் ஓடிவந்து ரமீஜாவைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் ஒரு நிமிஷம் முகத்தை வைத்துக்கொண்டு போனாள். கார் முக்குத் திரும்பிவிட்டது.

ரமீஜாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. உள்ளே ஓடி ஒளு செய்து, பாயை விரித்து, நன்றி சொல்லித் தொழுதாள். அழுதுகொண்டே தொழுதாள். கேட்டதை ஆண்டவன் கொடுத்துவிட்டான். இன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டி, பிள்ளைக்குப் பிடித்த இறால் ஆக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

தாவூது சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சொல்லுடா."

அவன் கடிகாரத்தை விரலால் தள்ளிவைத்தான். பேசியபோது குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது. "அத்தா எங்கூட வர்றியான்னு கேப்பாருன்னு நெனச்சேம்மா. கஃபார் மாமா சொன்னதுலேர்ந்தே நெனச்சிக்கிட்டிருந்தேன். கேட்டா, அம்மாவ விட்டுட்டு வர மாட்டேன்னு சொல்லணும்னு இருந்தேன். பிரெஞ்சுல சொல்லலாமா, தமிழ்ல சொல்லலாமான்னுகூட யோசிச்சி வச்சிருந்தேன். ஒவ்வொரு சஹன்லயும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கேக்கவே இல்லம்மா. ஒரு தடவகூட."

மரியம் ஏன் தட்டைப் பார்த்தாள் என்பது இப்போதுதான் ரமீஜாவுக்கு விளங்கியது. அவள் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று கோட்டை கட்டிக்கொண்டிருந்த பிள்ளையைக் கரீம் கேட்க வரவே இல்லை. கடமைக்கு வந்தான், ஐந்து வேளை விருந்து சாப்பிட்டான், போய்விட்டான். இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டபோதுகூட அவன்மேல் வராத ஆத்திரம் இப்போது வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? பேச்சுக்காவது கேட்டிருக்கக் கூடாதா? பிள்ளைதான் மாட்டேன் என்று சொல்லியிருக்குமே. கேட்டுவிடுவானோ என்று இத்தனை நாள் பயந்து செத்தவள், ஏன் கேட்கவில்லை என்று இப்போது அடிவயிறு எரிய நின்றாள்.

பொய் சொல்வது ரமீஜாவுக்கு வராது. தொழுத பாயைக்கூட அவள் இன்னும் சுருட்டவில்லை.

"கேட்டாருடா" என்றாள்.

தாவூது நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கிட்ட கேட்டாரு. வந்த அன்னிக்கே. புள்ளைய எங்கூட அனுப்பு, பிரான்சுல பெரிய படிப்புப் படிக்கவைக்கிறேன்னு கெஞ்சினாரு. நாந்தான் ஒரே பிடியா முடியாதுன்னுட்டேன். ஒங்கிட்ட இதப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன்."

அவன் முகத்தில் ரத்தம் ஏறியது. எழுந்து நின்றான்.

"என்னையக் கேக்காம நீயே எப்படிம்மா சொல்லுவ? நான் என்னா சின்னப் புள்ளயா? அத்தா என்னா நெனச்சிருப்பாரு? பாவம், பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு பேச முடியாம..."

அவன் கத்தினான். வாழ்நாளில் அவளிடம் அவன் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அஞ்சலாட்சி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். ரமீஜா அத்தனை திட்டையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். கடைசியில் அவன் தரையிலிருந்த கடிகாரத்தை எடுத்து, கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனான்.

அந்தக் கோபம் அவனுக்குத் தீர வருஷங்கள் ஆயின. தீர்த்துவைக்க ரமீஜா ஒரு நாளும் முயலவில்லை.