என் படிகத்தைக் கொடுத்தது யார்?

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. சாந்தோமில் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள், ஒரு நாளும் பயந்ததில்லை. அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

எம்.எஸ்ஸி. முதல் வருடம் முடிந்த கோடை விடுமுறை. நானும் என் வகுப்புத் தோழி ரேவதியும் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தோம். ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதலில் அந்தப் புரதத்தைக் கல்கண்டு மாதிரி படிகமாக வளர்க்க வேண்டும். குட்டிக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு, குளிர் அறையில் வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வேலை. ஏழு வாரமாக இருவருக்குமே ஒன்றும் வரவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் இருந்து அவள் கொண்டுவரும் புளிசாதத்தைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டு ஒன்றாகவே புலம்பினோம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், என் தட்டில் ஒரு சொட்டுக்குள் கண்ணாடிச் சில்லு போல ஒரு படிகம். எங்களுக்கு வழிகாட்டிய சார் ஊரில் இல்லை. ரேவதியிடம் மட்டும் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். மறுநாள் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம், நான் கோயிலுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை கூட்டத்தில் ரேவதி எழுந்து, என் படிகத்தின் படத்தைத் திரையில் போட்டு, "சார், எனக்கு கிரிஸ்டல் வந்துடுச்சு" என்றாள். மேஜைமேல் இருந்த தட்டின் மூடியில் என் பெயரை அழித்துவிட்டு அவள் பெயர் எழுதியிருந்தது. சார் கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள், நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மாடிப்படியில் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு?"

"இன்னாடி கேக்குற? நீதானே குடுத்த?"

"நானா?"

"நேத்து காலைல பதினோரு மணிக்கு, கோல்டு ரூம்ல. 'எனக்கு வேணாம், உன் பேர எழுதிக்கோ'ன்னு கைல வெச்சியே. எத்தினி தடவ வேணாம்னேன்! எங்கம்மா மேல சத்தியம்டி ஜெனி."

எடுத்ததைவிட அந்தப் பொய்தான் எனக்கு அதிகமாக வலித்தது. போனைத் திறந்து காட்டினேன். அதே பதினோரு மணிக்கு, கோயிலில், குழந்தையை ஏந்திக்கொண்டு நான்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நேரம் எழுத குளிர் அறைக் கதவில் தொங்கும் பதிவேட்டைத் திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். என் பெயர். என் கையெழுத்து, அந்தக் கோணல் சுழியோடு.

அவளே எழுதியிருப்பாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இப்போதும் அப்படியே நினைக்கப் பார்க்கிறேன். இரண்டே நாளில் சாரிடம் அது என் படிகம் என்று சொல்லிவிட்டுப் பயிற்சியை விட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் அந்தப் பக்கம் மட்டும் மறக்கவில்லை. ரேவதி உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டும் இருந்தன. என் பெயருக்கு நேராக உள்ளே போன நேரம் மட்டும்தான் எழுதியிருந்தது.