தேன்மொழி சவுண்ட் சர்வீஸும் ஒரு சின்னப் பெட்டியும்

கம்ப்யூட்டர் விற்பது புடவை விற்பது மாதிரி இல்லை. புடவையை விரித்துக் காட்டினால் போதும், கம்ப்யூட்டரை எவ்வளவு பிரித்துக் காட்டினாலும் வாங்க வந்தவர் கண்ணுக்குத் தெரிவது தகரமும் நாலு ஒயரும்தான். மிச்சத்தையெல்லாம் நாம் வாயாலேயே ஓட்டியாக வேண்டும். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு" என்று கேட்ட சொந்தக்காரருக்கு எடுத்துக் கொடுத்து, அதற்கப்புறம் அவர் வீட்டில் மவுஸ் நகராததற்குக்கூடப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். உட்காருங்கள், பேசலாம்.

என் கடை படப்பையில், ஒரகடம் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். மீதிப் பேர் கல்யாணத்தை நம்பிப் பிழைப்பவர்கள்: ஆல்பம் டிசைன் பண்ணுகிறவர்கள், வீடியோ மிக்சிங் போடுகிறவர்கள், ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிறவர்கள். நான் சொல்வது 2012 வாக்கில். கரண்ட் போனால் யாரும் தலை நிமிர மாட்டார்கள், வந்தால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நாளில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. பெட்டி கையில் தூக்கிப் போகிற மாதிரி சின்னதாக இருக்கணும், பெரிய பெட்டி செய்கிற வேலை அத்தனையும் செய்யணும், இன்வர்ட்டரில் போட்டால் ரொம்ப நேரம் தாங்கணும். அதற்கேற்ற பார்ட்ஸாகத் தேடிப் பிடிப்பது என் வேலை. அதை மாட்டுவது தங்கதுரை வேலை. தங்கதுரை திருநெல்வேலிப் பக்கம். நைட் ஷிப்ட் ஒத்துக்கொள்ளாமல் கம்பெனியை விட்டு என்னிடம் வந்து சேர்ந்தவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறை சொல்லக்கூடாது.

தூக்கிப் பார்த்தவர்

ஒரகடம் கூட்ரோட்டில் பேனர் கடை வைத்திருந்தவர் ஒருவர் வந்தார். அவர் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. ஒருத்தருக்குப் பிறந்தநாள் என்றால் அவருடைய கூட்டாளிகள் அத்தனை பேரும் கடைக்கு வந்து டிசைன் பண்ணுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். "என் மூஞ்ச கொஞ்சம் கலராக்கு", "அவன் தலைய விட என் தலை சின்னதா கீது" என்று ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, பழைய கம்ப்யூட்டர் பத்தாவது தலையோடு படுத்துவிடுமாம்.

புதுப் பெட்டியை மேஜையில் வைத்தேன். உள்ளே என்ன பிராசசர், எவ்வளவு ராம், எத்தனை தலை வைத்தாலும் ஏன் அசையாது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினார், ஆட்டிப் பார்த்தார், பக்கத்தில் ஒரு தட்டு தட்டினார், முகம் வாடிப்போய்க் கீழே வைத்தார். "இன்னாக்கா, வெயிட்டே இல்லியே? எல்லாத்தையும் உள்ள வெச்சிட்டீங்களா, இல்ல மீதிய அப்புறமா தருவீங்களா?"

வாசலைத் தாண்டாத பெட்டி

குன்றத்தூர் ஏகாம்பரம் வந்தது அதற்கு அடுத்த வாரம். சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். ஜெனரேட்டர், சீரியல் லைட் எல்லாம் உண்டு. டெம்போவின் நெற்றியிலும், ஒவ்வொரு ஸ்பீக்கர் பாக்ஸின் மேலும், மைக் ஸ்டாண்டில்கூட 'தேன்மொழி சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். தேன்மொழி அவருடைய ஒரே பெண். ஊரெல்லாம் மகள் பேரைச் சுமந்துகொண்டு போகிற டெம்போவில் மகளை மட்டும் ஏற்ற மாட்டார். பொம்பளைப் பிள்ளைக்கு மண்டபத்தில் என்ன வேலை என்பது அவர் கட்சி.

அந்தப் பெண் அவரோடு வந்திருந்தாள். ஸ்டுடியோ ஒன்றில் வீடியோ மிக்சிங் கற்றுக்கொண்டு, அவள்தான் எடிட் பண்ணணும் என்று ஆட்கள் கேட்டு வருகிற அளவுக்குத் தேறியிருந்தாள். அப்பாவோ ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலைக்கு ஏற்பாடு பண்ணிவிட்டார். பஸ் தெருமுனைக்கே வருமாம். அவள் அழுது சண்டை போட்டதில் ஒரு வாய்ப்பு மட்டும் கொடுத்திருந்தார். அவருக்கு வருஷமெல்லாம் வேலை கொடுக்கிற மண்டபத்து ஓனரின் மகனுக்கு ஐப்பசியில் கல்யாணம். காலையில் குன்றத்தூர் மலைக் கோயிலில் தாலி, சாயங்காலம் மண்டபத்தில் ரிசப்ஷன். காலையில் எடுத்ததை மிக்சிங் போட்டு அன்றைக்குச் சாயங்காலமே ஸ்கிரீனில் ஓட்டிக் காட்டணும். ஓடினால் சர்வீஸில் அவளும் உண்டு. ஓடாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை கம்பெனி பஸ்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தேன். தேன்மொழி கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஏகாம்பரம் அதைச் சுற்றி வந்து பார்த்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார், தன் வாழ்நாள் அனுபவத்தையெல்லாம் திரட்டி எனக்குப் புத்தி சொன்னார். "இத பாரும்மா, பாக்ஸு பெருசா இருந்தாதான் சவுண்டு தெருவத் தாண்டும். இது எங்க வூட்டு வாசலையே தாண்டாது."

துப்பட்டா முடிச்சு

ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்தோம், பெட்டியை மாட்ட ஆரம்பித்தோம். அங்கேதான் வட்டம் சுற்றியது. மிக்சிங்குக்கு வேகமான கிராபிக்ஸ் கார்டு வேண்டும். வேகமான கார்டு என்றால் சூடு. சூடு என்றால் பெரிய ஃபேன். பெரிய ஃபேன் என்றால் பெரிய பெட்டி. பெரிய பெட்டிக்கு டெம்போவில் இடமில்லை. ஆம்ப்ளிஃபயருக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதாம், அதில்தான் வைத்துக் கொண்டுபோக முடியும். அந்தச் சந்தைத் தன் துப்பட்டாவால் அளந்து, அளவு முடிகிற இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாள் தேன்மொழி. வீட்டில் டேப் இல்லையா என்று கேட்டேன். "இருக்குக்கா. எடுத்தா எதுக்குன்னு கேப்பாரு. இப்பவே டெம்போவுல ஏறப் பாக்குறியான்னு கத்துவாரு" என்றாள்.

முடிச்சுக்குள் அடங்குகிற பெட்டியாகப் பிடித்து, கடையிலேயே நல்ல கார்டாகப் போட்டு மாட்டினான் தங்கதுரை. வெட்டி ஒட்டின வீடியோவைக் கடைசியில் ஒரே படமாக ஆக்குவதற்கு ரெண்டரிங் என்று பேர். கம்ப்யூட்டருக்குப் பிரசவ வலி அதுதான். காலையில் ரெண்டரிங் போட்டுவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து தங்கதுரை பெட்டியின் மேல் கையை வைத்தான், வெடுக்கென்று எடுத்துவிட்டு ஊதிக்கொண்டான். "யக்கா, இது கம்ப்யூட்டரா, இஸ்திரிப் பொட்டியா? வீடியோவ எடிட் பண்ணிக் குடுக்க வேண்டாம், தேச்சே குடுத்துரலாம்னு சொல்லுதேன்."

சந்தனம்

கார்டை ஒரு படி இறக்கி, பக்கவாட்டில் மெதுவாகச் சுற்றுகிற அகலமான ஃபேன் ஒன்றை வைத்ததும் சூடு அடங்கியது. நாள் முழுக்க ஓட்டினோம், நிற்கவே இல்லை. நிம்மதியாக அனுப்பி வைத்தேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் தேன்மொழியிடமிருந்து போன். ஆன் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடுகிறதாம். கல்யாணம் கிட்டே வந்துவிட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து, சோமங்கலம் வழியாகக் குன்றத்தூர் போகிற வரைக்கும் தங்கதுரையை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

போய்ப் பார்த்தால் பெட்டியைக் காணோம். மேஜையில் சிவப்பு வெல்வெட்டில் ஏதோ ஒன்று, மேலே சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தது. மேடை அலங்காரத்தில் மிஞ்சின துணியில் ஏகாம்பரமே டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டு வந்த உறை. தூசி படக்கூடாதாம். உறையைக் கழற்றினால் உள்ளே மூன்று பக்கமும் சந்தனம், பட்டை பட்டையாக, நடுவில் குங்குமம். சரியாகக் காற்று போகிற ஓட்டைகளின் மேலேயே அப்பியிருந்தார். ஜெனரேட்டருக்கும் டெம்போவுக்கும் எப்படிப் போட்டாரோ அதே அளவு. அந்தத் தகரத்தில் வேறு இடமும் இல்லை, பாவம்.

பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை வாங்கி ஓட்டை ஓட்டையாகச் சுரண்டினேன். பெட்டி உடனே ஓட ஆரம்பித்துவிட்டது, நிற்கவில்லை. தேன்மொழி சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. எனக்கோ கோபம் வரமாட்டேன் என்றது. வாசலைத் தாண்டாது என்றவர் அதைத் தன் வீட்டு மிஷின்களோடு சேர்த்துவிட்டார், அதுவே பாதி வெற்றி. காற்று உள்ளே போனால்தான் ஓடும், இது மூச்சு விடுகிற ஜாதி என்று ஏகாம்பரத்துக்கு விளக்கினேன். அவர் சமாதானமாகவில்லை. "சாமிக்கே சந்தனம் மூச்சு முட்டல, உன் பொட்டிக்கு மட்டும் முட்டுதா?"

ரிசப்ஷன்

கல்யாணத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார் ஏகாம்பரம். பாசத்தில் இல்லை, பெட்டி நின்றுபோனால் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். மண்டபத்து ஸ்டோர் ரூமில் தேங்காய் மூட்டைக்கும் வாழையிலைக் கட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள் தேன்மொழி. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் மலை ஏற முடியவில்லை, வளர்த்த பிள்ளை தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. அவருக்காகத்தான் இந்த ஸ்கிரீன் ஏற்பாடே. மத்தியானம் வழக்கம்போல் கரண்ட் போனது. பெட்டி சின்னது, தின்னும் கரண்டும் கொஞ்சம். இன்வர்ட்டர் அலட்டிக்கொள்ளாமல் தாங்கியது. சாயங்காலம் விருந்தாளிகள் வர ஆரம்பித்தபோது ரெண்டரிங் முடிந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது.

ஸ்கிரீன் பக்கத்தில் கம்ப்யூட்டரையும் புரொஜெக்டரையும் அதே இன்வர்ட்டரில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டரில் போட வேண்டியதுதானே, அப்பாவோடது மேல நம்பிக்கை இல்லியா என்று சீண்டினேன். "அவரு மட்டும் என்னோடத நம்புனாரா?" என்றாள்.

ஓனர் முன்னால் அசத்த வேண்டும் என்று ஏகாம்பரம் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே ஸ்பீக்கர் பாக்ஸ்களை அடுக்கியிருந்தார். பாட்டு நெஞ்சுக்கூட்டில் இடித்தது. தேன்மொழியின் வீடியோ தொடங்கி மலைப் படிகள் ஸ்கிரீனில் வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். அத்தனை பாக்ஸும் அத்தனை சீரியல் லைட்டும் ஒரேயடியாக இழுத்ததில் அது நாலு இருமல் இருமிவிட்டு நின்றது. பாட்டு நின்றது, லைட் போனது, ஏசி போனது. ஏகாம்பரம் டார்ச்சோடு வெளியே ஓடினார்.

இருட்டில் ஸ்கிரீன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வந்தது தேன்மொழி எடிட்டிங்குக்கு வைத்திருந்த கையகல ஸ்பீக்கர்கள் இரண்டிலிருந்து. முதலில் ஒரே கூச்சல். அப்புறம் முன் வரிசை அடங்கியது, அதைப் பார்த்துப் பின் வரிசை அடங்கியது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் ஸ்கிரீன் பக்கம் நெருங்கி வந்தது. நாதஸ்வரம் கேட்டது. யாரோ கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று கத்துவது கேட்டது. தாலி ஏறியது. பெரியப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே அட்சதை போடுகிற மாதிரி கையை உயர்த்தினார், அப்புறம் அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், இருட்டுதானே என்று தாராளமாகவே அழுதேன்.

ஏகாம்பரம் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. கையெல்லாம் கிரீஸோடு தூண் ஓரமாக என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஸ்கிரீனைக்கூடப் பார்க்கவில்லை, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் ஓட்டுகிற ஆள் பின்னாலேயே ஓடி வந்து, "அண்ணே, சரி பண்ணியாச்சு, போட்டுடவா?" என்று கேட்டான். ஏகாம்பரம் திரும்பாமலே கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "இர்ரா, இப்பப் போடாத. எம் பொண்ணு ஓட்டிக்கினு கீறா, முடியட்டும்."

திங்கட்கிழமை கம்பெனி பஸ் தெருமுனையில் ஹார்ன் அடித்து ஓய்ந்தபோது தேன்மொழி டெம்போவின் முன் சீட்டில் அடுத்த கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள் என்றும், அந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததே தான்தான் என்று ஏகாம்பரம் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் என்றும் கேள்வி. கம்ப்யூட்டர் நன்றாக ஓடினால் விற்றவளுக்கு மிஞ்சுகிற பேர் அவ்வளவுதான்.