பெர்சிபனிக்குப் பேர் வைத்த கதை

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள், மேலே வள்ளி தெய்வானையோடு முருகன், நடுவில் ‘செல்வி கு. பெர்சிபனி’. சிரிக்காதீர்கள். அந்தப் பேரை வைத்த மகானுபாவன் நான்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா நான். மீஞ்சூர் தாண்டினால் காலை ரயிலின் இரண்டு பக்கமும் பனி மூடிய வயல். பாதித் தூக்கத்தில் போவோம். எப்போதோ மூர் மார்க்கெட்டில் வாங்கிய கிரேக்கக் கதைப் புத்தகம் ஒன்றைப் படித்திருந்ததால் எங்கள் பெட்டிக்கே நான் பண்டிதர். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!

பொன்னேரியில் ஏறும் வெல்டர் குமரேசனுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது பெண். இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தது.

“ஊட்ல குப்பம்மான்னு வெக்கச் சொல்றாங்க சார். எமன் வாணாம்னு உட்டுடுவானாம். எம்பொண்ணு குப்பையா சார்?” என்று கலங்கினான்.

“பெர்சிபனின்னு வெய்யி. கிரேக்கக் கதைல எமன் தூக்கினு போயும் திரும்பி வந்தவ” என்றேன். பெட்டியே கைதட்டியது.

அந்தப் பேருக்கு இன்னதுதான் பொருள் என்று படித்தவர்களுக்கே உறுதியில்லையாம். எனக்குத் தெரிந்தது கதை மட்டும். அதிலும் பாதியை விழுங்கிவிட்டேன். அவள் வருஷா வருஷம் சில மாதம் எமலோகத்துக்கே திரும்பிப் போயாக வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்ததும் குழந்தைக்கு இரைப்பு, ஆஸ்பத்திரி. அடுத்த வருஷமும் அதே. பாவி, நான்தானே வாய் வைத்தேன்?

மூன்றாம் மழையில் நாலு நாள் குமரேசனைக் காணோம். தாங்காமல் ஆஸ்பத்திரிக்கே போய் முழுக்கதையையும் சொன்னேன். “பேரை மாத்திடு குமரேசா.”

குழந்தையின் முதுகை நீவிக்கொண்டே கேட்டான்: “வருசா வருசம் போறான்னா, வருசா வருசம் திரும்பி வரான்னுதானே சார்? அது போதும் எனக்கு.”

அங்கேயே அழுதுவிட்டேன்.

ஏழெட்டு வயதில் இரைப்பு தானாக நின்றதாம். அதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள், ஆளுக்கொரு திசை. அந்த மழைக்காலங்களில், குமரேசன் ஏறாத காலைகளில், எங்கள் பெட்டியில் நாங்கள் இருபது பேர் டிபன் டப்பாவைத் திறக்காமலே கும்மிடிப்பூண்டி வரை போவோம். யாரும் யாருக்கும் சொந்தமில்லை. பத்திரிகை அனுப்பக் குமரேசனாவது இருக்கிறான்; இன்று அந்த இருபது பேரில் ஒருத்தர் செத்தால்கூட எனக்குச் சொல்ல ஆளில்லை.